ஆனந்தமேரி வெட்டாமல் விட்ட மூன்று மீன்கள்

ஆனந்தமேரிக்கு மன்னிக்க வராது. சிலருக்குக் கோலம் வராது, சிலருக்கு சைக்கிள் வராது, அது மாதிரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொள்வது பற்றி எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் இடம் வந்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள். அந்த வரி முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வாள். பங்குச் சாமியார் இதைக் கவனித்துக் கேட்டபோது, சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பதைவிடச் சொல்லாமலே இருப்பது மேல் இல்லையா சாமி என்று திருப்பிக் கேட்டாள். கொஞ்ச நாளில் சாமியார் மாற்றலாகிப் போனார். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

திண்டுக்கல்லில் மீன் வாங்குகிறவர்களுக்கு அவளைத் தெரியும். அவள் மீன் விற்பவள் அல்ல, வெட்டுபவள். வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு வந்தால், ஒரு கல், ஒரு பெரிய அரிவாள்மணை, இரண்டு வாளித் தண்ணீர், ஆனந்தமேரி. செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கிழித்து, குடலையும் ஈரலையும் வழித்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நாலு அலசு அலசிக் கொடுத்தால், அதை வீட்டில் மறுபடி கழுவ வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக ஒரு மீன்கூட அவள் கையிலிருந்து அழுக்கோடு போனதில்லை. இந்தப் பெருமைதான் பின்னால் அவளைக் கவிழ்த்தது.

அவள் கணவர் கிறிஸ்துராஜ், சின்னாங்குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் மீன்பாசிக் குத்தகைக்காரர். ஊருக்கு வடகிழக்கே, குஜிலியம்பாறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் குளம். மழை பெய்து தண்ணீர் நிறைந்ததும் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார். சாந்தமான மனிதர். மீன் திருடுகிறவனைப் பார்த்தால்கூட, தூண்டில் முள் கையில் குத்திவிடப் போகிறது என்று எச்சரித்துவிட்டு வருவார். அவர் பிடித்து அனுப்பும் மீனை, மார்க்கெட்டில் ஆட்கள் ஆனந்தமேரியின் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள். எங்க குளத்து மீனு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

இனி ஸ்டான்லி. சின்னாங்குளத்துக்கு வரும் ஓடையில், குளத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் மேலே, ஸ்டான்லியின் நிக்கல் பட்டறை இருந்தது. கேட்டுக் கம்பி, பைக் பாகம், கதவுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் நிக்கலும் குரோமியமும் முலாம் போடுகிற இடம். துருப்பிடித்த இரும்பை வெள்ளி மாதிரிக் காட்டும் தொழில். அந்தத் தொழிலுக்கு ஸ்டான்லியே நல்ல விளம்பரம். வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலி, பங்குப் பேரவையில் முன்வரிசை நாற்காலி, திருவிழாவுக்கு லைட் அலங்காரம் அவர் உபயம். பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி ஒன்று சட்டப்படி கட்டப்பட்டிருந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தத் தொட்டியின் சுத்தத்தைப் பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட விட்டதில்லை, வேறு எப்படி இருக்கும்? கழிவு வேறொரு குழியில் சேர்ந்துகொண்டிருந்தது. நல்ல மழை இறங்கும் நாளில் குழியின் குழாயைத் திறந்துவிடுவார்கள். ஓடை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

போன ஐப்பசியில் நல்ல மழை.

கெட்டது முதலில் தெரிந்தது குளத்தில் அல்ல, ஆனந்தமேரியின் கல்லில். சின்னாங்குளத்து ரோகு ஒன்றின் வயிற்றைக் கிழித்தவள், ஈரலைக் கையில் எடுத்து அப்படியே நிறுத்தினாள். நல்ல மீனின் ஈரல் விரலில் வழுக்கும், செக்கச்செவேலென்று இருக்கும். இது வெளுத்துப்போய், அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, தொட்டால் உதிர்ந்தது. செவுளோ, பழைய இரத்தக் கறை மாதிரி பழுப்பாகி, கோழை மூடிக் கிடந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. சினை வைக்கும் பருவத்தில் வயிற்றில் சினை இல்லை, இருந்த ஒன்றிரண்டும் சூம்பிப்போய் இருந்தன. வீட்டில் கிறிஸ்துராஜிடம் சொன்னாள். அவர், மீனுக்கும் ஏதோ காய்ச்சல் கீய்ச்சல் இருக்கும் என்றார். அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார்: உச்சி வெயிலில், தண்ணீர் நிறைந்து கிடக்கும்போதே, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. குஞ்சுகளில் பாதிக்கு முதுகு கோணிப்போய் வட்டம் சுற்றுகின்றன.

கார்த்திகையில் செத்து ஒதுங்க ஆரம்பித்தன.

ஆனந்தமேரி நேரே ஓடைக்கரையோடு நடந்துபோய்ப் பட்டறைக் குழாயைப் பார்த்தாள். குழாய் வாயில் கல்லெல்லாம் பச்சை பூத்திருந்தது. பாசியின் பச்சை அல்ல, பெயின்ட் டப்பாவின் பச்சை. அவளுக்கு அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. புகார் எழுதிக் கொடுத்தாள்.

ஸ்டான்லி பதறவில்லை. பதறுகிறவர்கள் பங்குப் பேரவையில் முன்வரிசைக்கு வர முடியாது. அடுத்த ஞாயிறு பேரவைக் கூட்டத்தில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை போட்டார். கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டி மீன் வளர்த்தால் மீன் சாகாமல் ஞானஸ்நானமா வாங்கும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமைக்குள் அந்தப் பேச்சு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. புதன்கிழமை ஆனந்தமேரிக்குப் புதுப் பேர் கிடைத்திருந்தது: கோழிக்கழிவு மேரி.

கிறிஸ்துராஜ் குளத்தில் போட்டது தவிடும் கடலைப் பிண்ணாக்கும்தான். அது உண்மை. ஆனால் உண்மைக்கு அப்படி ஒரு சிரிப்பான பேர் கிடையாதே. அவளிடம் பதினைந்து வருடமாக மீன் வெட்டி வாங்கிக்கொண்டிருந்த ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர், கல்லில் வைத்த பையைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டு, இன்னைக்கு வேற ஆளுகிட்ட குடுத்துக்கிறேம்மா என்று போனார். முகத்தைப் பார்க்காமல் போனார். அன்று மாலை வரை ஆனந்தமேரி அரிவாள்மணையைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். வெட்டுவதற்கு மீன் அதிகம் இல்லை.

அவளுக்கு இப்போது இரண்டு வேலை. அந்தப் பேரைத் தன் மேலிருந்து கழற்ற வேண்டும். கழற்றியதை ஸ்டான்லியின் கழுத்தில் மாட்ட வேண்டும். முதல் வேலை மட்டும் நடந்தால் போதும் என்று கிறிஸ்துராஜ் சொன்னார். இரண்டாவது இல்லாமல் முதலாவது எதற்கு என்றாள் அவள்.

புகாருக்கு விசாரணை வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து மதியழகன் என்ற இளம் அலுவலர் வந்தார். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம், அவர் நல்ல பையன். குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, பரிசோதனைக்கு மூன்று மீன் வேண்டும், நாளைக்கு மார்க்கெட்டில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆனந்தமேரி சின்னாங்குளத்து மீன் மூன்றை எடுத்தாள். அரசாங்கத்துக்குப் போகிற மீன். செதில் ஒன்றுகூட இல்லாமல் சீவினாள். செவுளை வேரோடு பிடுங்கினாள். வயிற்றைத் திறந்து, குடல், ஈரல், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் கறுத்த இரத்தம் வரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். உப்பும் மஞ்சளும் போட்டு ஆறு அலசு அலசினாள். மதியழகன் பையை முகர்ந்து பார்த்து, நாற்றமே இல்லை, ரொம்ப சுத்தமாகக் கொடுத்துவிட்டீர்கள், ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைக்க வசதி என்று நன்றி சொன்னார். கல்லுக்குக் கீழே கிடந்த ஈரலையும் செவுளையும் மார்க்கெட்டுப் பூனைகள் வழக்கம்போலத் தின்றன.

தை பிறந்து முடிவு வந்தது. தண்ணீரில் அப்போது சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. மழையில் வந்தது அடிச்சேற்றில் படிந்திருந்தது, சேற்றை யாரும் எடுக்கவில்லை. மீனில் கன உலோகங்கள் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். ஸ்டான்லி அந்தத் தாளை லேமினேட் செய்து பட்டறைக் கேட்டில் மாட்டினார். அதற்கும் ஒரு சட்டம் போட்டு, சட்டத்துக்கு நிக்கல் முலாம் போட்டிருந்தார்.

ஆனந்தமேரியிடம் மீனை வெட்ட வேண்டாம் என்று சொல்லி வாங்கிப் போகும் ஆள் ஊரில் ஒருவர்தான்: மகளிர் கல்லூரி விலங்கியல் லேபில் வேலை பார்க்கும் பக்ருன்னிசா. பிள்ளைகள் அறுத்துப் படிப்பதற்கு முழு மீன் வேண்டும். அன்று வந்தவளிடம் ஆனந்தமேரி கதையைச் சொல்லிப் புலம்பினாள். கேட்டுக்கொண்டிருந்த பக்ருன்னிசா, மீனை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஆனந்தமேரி பெருமையாகவே சொன்னாள்.

பக்ருன்னிசா பையைக் கீழே வைத்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "மேரியக்கா, தண்ணியில வார விஷம் மொதல்ல செவுளப் புடிக்கும். அப்புறம் ஈரலு, கிட்னி. சதைக்குக் கடைசியாத்தான் ஏறும். நீங்க எதெல்லாம் சாட்சியோ அதெல்லாம் பூனைக்குப் போட்டுட்டு, வெறும் சதையக் கழுவிக் குடுத்திருக்கீங்க."

அந்தக் கணத்தில் ஆனந்தமேரியின் முகம் எப்படி இருந்தது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இருபத்தாறு வருடக் கைப்பழக்கம், எதிரிக்குச் சாதகமாக நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறது. கோபத்துக்கு இதுவரை ஒரு விலாசம்தான் இருந்தது, இப்போது இரண்டு. தன் கையையே மூன்று நாள் வெறித்துப் பார்த்தாள். நாலாம் நாள், தன்னை மட்டும் விதிவிலக்காக மன்னித்துவிட்டு, மிச்சத்தையும் ஸ்டான்லியின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கறி விலக்கு, மீனுக்குத் தடையில்லை. ஸ்டான்லியின் மனைவி ஏஞ்சலின் முதல் வெள்ளியே கூடையோடு வந்து நின்றாள். கட்லா ஒன்றைக் கல்லில் வைத்துவிட்டு, குனிந்து ரகசியமாக, இது சின்னாங்குளத்து மீன் இல்லையே என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறாராம்.

ஆனந்தமேரியின் கை நின்றது. கேட்டில் தாளை மாட்டியவர் வீட்டில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தது, தெரிந்தே சிரித்தது. அணைக்கட்டு மீன்தான் என்று அவள் சொன்னாள், அது உண்மையும்கூட. வெட்டிக் கழுவி நீட்டினாள். அப்புறம் பக்ருன்னிசாவிடம் இதைச் சொன்னபோது, ஒரே ஒரு நாள் நம் குளத்து மீனை மாற்றி வைத்துவிட்டால் என்ன என்று தனக்குத் தோன்றியதையும் மறைக்கவில்லை.

"தோணுச்சு. இல்லங்கல," என்றாள். "ஆனா விஷம் வைக்கிற வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. வச்ச ஆளக் காட்டுறதுதான் எம் பொழப்பு."

கலெக்டர் ஆபீசில் நடக்கும் திங்கட்கிழமை மனுநாள்களுக்குப் போக ஆரம்பித்தாள். மனுவின் வாசகம் பக்ருன்னிசா சொன்னது, கையெழுத்து இவளுடையது. முழு மீன் எடுக்க வேண்டும். செவுள், ஈரல், சிறுநீரகம் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சேற்றையும் எடுக்க வேண்டும். எடுக்கும்போது இரண்டு தரப்பும் கூட நிற்க வேண்டும். ஒரே மனு, வாரம் தவறாமல். மூன்றாவது வாரம் குமாஸ்தா, அம்மா இது ஏற்கெனவே இருக்கிறதே என்றார். அது தனியாகப் பயப்படும், துணைக்கு இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தாள். ஐந்தாவது மனுவுக்கு உத்தரவு கிடைத்தது.

பங்குனி வெயில். சின்னாங்குளம் பாதியாக வற்றியிருந்தது. கரையில் ஐஸ் பெட்டியோடு மதியழகன், கூடவே கிராம நிர்வாக அலுவலர். வலையோடு கிறிஸ்துராஜும் இரண்டு வலைக்காரர்களும். வேட்டி மடித்துக் கட்டி, குடை பிடித்து ஸ்டான்லி. வேடிக்கை பார்க்க ஒரு முப்பது பேர்.

வலை இழுக்கும் முன்னாலேயே ஸ்டான்லி தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்தார். குத்தகைக்காரர் கையால் மீன் எடுத்தால், செத்ததையும் சீக்குப் பிடித்ததையும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பார்கள், அதை ஒப்புக்கொள்ள முடியாது என்றார். நியாயமான ஆட்சேபம். மதியழகன் தலையைச் சொறிந்தார்.

ஆனந்தமேரி முன்னால் வந்தாள். "அண்ணே, நாங்க எடுத்தாத்தான தப்பு? நீங்களே எடுத்துக் குடுங்க. உங்க கண்ணுக்கு எது நல்ல மீனோ அத எடுங்க. நான் கை வைக்க மாட்டேன்."

ஸ்டான்லி அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் சொன்னதில் குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சம்மதித்தார். அவர் எடுத்துக் கொடுப்பதாகவே மதியழகன் தாளில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

வலை கரையேறியது. மீன்களைப் பெரிய தொட்டியில் கொட்டினார்கள். எட்டிப் பார்த்தால் இரண்டு ஜாதி தெரியும். தலை பெருத்து உடம்பு வாடியவை ஒன்று. வயிறு உருண்டு, பளபளவென்று, விருந்துக்குப் போய் வந்த மாதிரி இருப்பவை இன்னொன்று. வாடிய மீனாவது இன்னும் கொஞ்சம் தாங்கும். உருண்ட மீன்தான் முடிந்துபோன கேஸ். சிறுநீரகம் கெட்டு, வெளியேற வேண்டிய நீர் வெளியேறாமல் வயிற்றுக்குள் கட்டிக்கொள்வதால் வரும் வீக்கம் அது. கத்தி வைத்தால் கால் டம்ளர் மஞ்சள் தண்ணீர் கொட்டும். அந்தக் குளத்து மீனில் நாலு மாதமாக அதை வெட்டிப் பார்த்தவள் ஊரில் ஒருத்திதான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய்க்குள் செபமாலை சொல்கிறவள் மாதிரி நின்றாள்.

மீனைத் தட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய ஸ்டான்லி, தொட்டியைச் சுற்றி வந்தார். குடையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். மிக நல்ல மீனாகப் பார்த்துப் பொறுக்கினார். வயிறு பெருத்த ரோகு ஒன்று. அதைவிடப் பெருத்த கட்லா ஒன்று. மூன்றாவதாக, தொட்டியிலேயே பெரிய வயிற்றுக்காரர். மூன்றையும் வரிசையாக வைத்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பாருங்கய்யா, எம்புட்டு கொழுகொழுன்னு இருக்கு. இதுதான் சீக்கு மீனா? எந் தண்ணி குடிச்சு வளந்ததுன்னா நான் பெருமதான் படணும்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கிறிஸ்துராஜ், அவருடைய சுபாவப்படி, எதிரியைத் திருத்த வாயைத் திறந்தார். "அண்ணே, அது வந்து..." அதற்குள் ஆனந்தமேரியின் குதிகால் அவர் காலின் மேல் முழு எடையோடு இறங்கியது. வாக்கியம் முடியவில்லை.

மூன்று மீனையும் தனித்தனிப் பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்தார்கள். மதியழகன் நல்லெண்ணத்தில், கிளீன் பண்ண வேண்டாமா அம்மா என்று கேட்டார். வேண்டாம் தம்பி என்றாள். பளபளவென்று செதிலோடும் செவுளோடும் குடலோடும் மூன்று மீன் தன் கண்முன்னே போவதைப் பார்க்க அவளுக்குக் கை அரித்தது. அரிக்கட்டும் என்று முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

முடிவு வைகாசியில் வந்தது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் குரோமியமும் நிக்கலும் அளவுக்குப் பல மடங்கு. செவுளிலும் அப்படியே. சேற்றில் அதைவிட மோசம். சதையிலும் இந்த நாலைந்து மாதத்தில் எல்லையைத் தாண்டி ஏறியிருந்தது. மாதிரியைத் தேர்ந்தெடுத்தவர் என்ற இடத்தில் ஸ்டான்லியின் கையெழுத்து அழகாக இருந்தது. சீக்கு மீனைப் பொறுக்கினார்கள் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. சொன்னால், பொறுக்கியது யார் என்று அடுத்த கேள்வி வரும். பட்டறைக்குக் கரண்ட் வெட்டிச் சீல் வைத்தார்கள். கேட்டில் மாட்டியிருந்த பழைய தாளைச் சீல் வைக்க வந்தவர்கள் கழற்றிக் கீழே வைத்தார்கள். சட்டம் மட்டும் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

அந்த உத்தரவுக்கு இன்னொரு பக்கம் இருந்தது. சின்னாங்குளத்து மீன் மனிதர் தின்னத் தகுதியற்றது. இருப்பதையெல்லாம் பிடித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். மறு உத்தரவு வரை குளத்தில் மீன் வளர்க்கத் தடை.

குழி வெட்டிய அன்று கிறிஸ்துராஜ் கரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். கூடை கூடையாக மீன் போய் விழுந்தது. வாலை அடித்துக்கொண்டு சில உயிரோடும் விழுந்தன. அவர் அழுதுகொண்டே, இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியுமா என்று மனைவியிடம் கேட்டார்.

"தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சேவா என் கால மிதிச்ச?"

"ஆமா. அன்னைக்கு நீங்க பேசியிருந்தா இந்த மீன ஊரே தின்னுக்கிட்டு இருக்கும். அவரு குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு இருப்பாரு. நான் கோழிக்கழிவு மேரியாவே செத்துப்போவேன்."

அவர் எழுந்து கரையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். குளத்துப் பக்கம் சவாரி வந்தால் வேறு வண்டி பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். பழிவாங்குகிறவர்கள் எல்லாம் பத்திரமாக வீடு திரும்புவதாகக் கதை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆனந்தமேரி தன் வீட்டு அடுப்பையும் சேர்த்துத்தான் கொளுத்தினாள். ஆனால் தெரிந்தேதான் கொளுத்தினாள். இதையும் சொல்ல வேண்டும்.

முதல் வேலை முடிந்தது. முடிவு பேப்பரில் வந்த மறுநாளே கோழிக்கழிவு மேரி என்ற பேர் மார்க்கெட்டில் யார் வாயிலும் இல்லை. பையைத் திரும்ப எடுத்துப்போன வாத்தியார் மறுபடி வந்தார். அவள் வெட்டிக் கொடுத்தாள், ஆனால் தலையைப் பாதியாகப் பிளந்து தரச் சொன்னபோது காது கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். இரண்டாவது வேலை பாக்கி இருந்தது. அதற்கும் ஒரு வெள்ளிக்கிழமை வாய்த்தது. ஒரு பெண்மணி எங்கேயோ வாங்கிய மிர்காலைக் கல்லில் வைத்தாள். வயிறு உருண்டிருந்தது. ஆனந்தமேரி ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"இது ஸ்டான்லி. குடுத்துட்டு வேற வாங்கிட்டு வாங்க," என்றாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது. பக்கத்துக் கல்காரி சிரித்தாள். அன்று மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், ஓட்டல் மாஸ்டர்கள், எல்லோரும் அந்தச் சொல்லைப் புழங்கினார்கள். கூடையில் வயிறு வீங்கிய மீன் கிடந்தால், ரெண்டு ஸ்டான்லி கிடக்கு தள்ளிவிடு என்றார்கள். ஸ்டான்லி யார் என்றே தெரியாத நத்தத்து வியாபாரிகூடச் சொன்னார். ஒரு மனிதரின் பேர் இவ்வளவு வேகமாக ஊர்ச்சொத்தாக ஆனதைத் திண்டுக்கல் இதுவரை பார்த்ததில்லை. திருவிழா லைட்டுக்குக் கொடுத்ததெல்லாம் சேர்த்தாலும் இந்தப் புகழ் வந்திருக்காது.

ஆவணியில் ஸ்டான்லியே மார்க்கெட்டுக்கு வந்தார். வேட்டி வெள்ளைதான், சங்கிலியைக் காணோம். காலை பத்து மணி, கூட்டம் ஓய்ந்த நேரம். கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டியை இந்த முறை நிஜமாகவே ஓட்டப்போவதாகச் சொன்னார். ஓடையைத் தூர்வார ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவள் ஜிலேபிக் கெண்டைக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏம்மா மேரி, பட்டறைய மூடுன, சரி. அது எந் தப்பு. பேர மட்டும் எடுத்துரு. எம் மக நிச்சயத்துக்குச் சமையக்காரன் மீன் பாக்கப் போனான். சம்பந்தி பக்கத்துல நிக்கிறாரு. இது ஸ்டான்லியா இருக்கு வேணாங்கிறான். எம் முன்னாடியே."

ஆனந்தமேரி செதிலை வழித்துப் போட்டாள். "கோழிக்கழிவு மேரின்னு ஒரு பேரு இருந்துச்சே. அது எப்புடிண்ணே வந்துச்சு?"

"அது ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"இதுவும் ஒரு பேச்சுக்குத்தான்."

அவர் குரலை இறக்கினார். பங்குப் பேரவையில் எல்லோர் முன்னாலும் எழுந்து, அன்றைக்குத் தான் சொன்னது பொய், மீன் செத்தது தன் தண்ணீரால்தான் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே கோவிலில் முட்டி போடுகிறவர்கள் என்பதையும் நினைவுபடுத்தினார்.

"சொல்லுங்க," என்றாள் அவள். "அது நீங்க எனக்குத் தர வேண்டியது. இது நான் உங்களுக்குக் குடுத்தது. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்துறதுக்கு நான் இங்க கடை போடலண்ணே."

"எம்புட்டு நாளைக்கும்மா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "இந்த வரிசைக்கு வயிறு வீங்குன மீனு வராத அன்னைக்குப் பேரு தானா போயிரும். எங்குளத்த மூடியாச்சு. ஆனா இன்னும் வருது. எந்தக் குளத்துல இருந்து வருது, எந்தப் பட்டறைத் தண்ணி போகுதுன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். உங்க தொழில்காரவுகள்ட்ட போய்ச் சொல்லுங்க, எம் பேரக் கெடுக்காதீங்கடான்னு."

ஸ்டான்லி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், விவரம் தெரியாத ஓர் ஆள் இடையில் புகுந்து, இரண்டு ரோகுவைக் கல்லில் வைத்தார். ஒன்று சாதாரணம். இன்னொன்றின் வயிறு உருண்டு மினுங்கியது. ஆனந்தமேரி அதன் மேல் ஒரு விரலை வைத்து, மெதுவாக, அவசரமே இல்லாமல் அமுக்கினாள். ஸ்டான்லி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மீனைத் தள்ளி வைத்தாள். பேரைச் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அளவுக்குச் சொன்னாள்.

ஸ்டான்லி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து போனார். வந்தவர் அந்த மீனை மாற்றிவரப் புறப்பட்டார். அவள் நல்ல ரோகுவை எடுத்து வயிற்றைத் திறந்தாள்.